சைக்கிள் பந்தயச் சரித்திரமும் எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூசையும்

1

பிள்ளையார் சுழி போட்டுத்தான் இதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அச்சுக் கோப்பவர் அதை விட்டுவிடுவார் என்று தெரியும். விடட்டும். ஆனால் அந்த ஒரு எழுத்தைப் பற்றித்தான் இந்த முறை சொல்லப்போகிறேன். ஆகையால் கடுதாசியின் தலையில் அது இருந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதத்துக் குளிரில் ஒரு நாள் என் மனைவி இராசம் வேலையால் வரும்போது ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். அவள் இங்கே மெல்பேர்ணில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி. அவளுடைய படிப்புக்குத்தான் இந்த நாடு எங்களுக்குக் கதவு திறந்தது; என்னுடைய எட்டாம் வகுப்புக்கு அல்ல. வார்டில் படுத்திருந்த ஒரு கிழவர் வீட்டுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன புத்தகமாம்.

"இஞ்சேருங்கோ, உங்கட சைக்கிள் ஓட்டத்தின்ர புத்தகம். படமெல்லாம் போட்டிருக்கு. கண்டவுடன உங்கட நினைவுதான் வந்தது" என்றாள்.

இந்த மாநிலத்தைச் சுற்றி ஒவ்வொரு வருடமும் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயத்தின் சரித்திரம் அது. தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆனதற்காக வழவழப்பான தாளில் அச்சடித்திருந்தார்கள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் எனக்கு அப்படித்தான். அதிகம் வாசிக்கத் தெரியாதவனுக்கு எழுத்தின்மேல் பயபக்தி கொஞ்சம் கூட.

ஆங்கிலத்தில் கடைப் பலகையும் பஸ் இலக்கமும் வாசிப்பேன். புத்தகம் வாசிக்க வராது. மகள் சாந்தினிக்குப் பதினாலு வயது. அவளைக் கதிரையில் இருத்தி, சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துச் சொல்ல வைத்தேன். அவள் ஆங்கிலத்தில் வாசிப்பாள், பிறகு முறித்து முறித்துத் தமிழில் சொல்வாள். இரண்டு கிழமை எங்கள் குசினி மேசையில் பெரிய சந்தோசம். பந்தயக் கதை முழுவதையும் நான் ஏதோ புராணம் கேட்கிறவன் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, வாசித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். பக்கத்தைப் புரட்டப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, ஏன் விடுறாய்?"

"நத்திங் அப்பா. இது போரிங்."

"வாசி."

அவள் தமிழில் சொல்லவில்லை. ஆங்கிலத்திலேயே, முகத்தைப் பார்க்காமல் வாசித்தாள். அதற்குள் "கென்" என்ற பெயர் வந்தது. கனகசபை என்ற என் பெயர் இங்கே கடைகளில் அப்படித்தான் குறுகிப்போயிருந்தது. பிறகு "சிலோன்" வந்தது. பிறகு "பிரேயர்" வந்தது. அந்த மூன்று சொல்லும் எனக்கு நன்றாக விளங்கும்.

நாலு வருடத்துக்கு முன் நடந்த பந்தயத்தில் முதலாவதாக நின்ற லெஸ் என்ற ஓட்டக்காரன் மலை இறக்கத்தில் சைக்கிளின் சில்லு உடைந்து விழுந்தானாம். அந்தச் சில்லைக் கட்டியவன் கென் என்ற சிலோன்காரனாம். சில்லு பழுதென்று தெரிந்தும், தன்னுடைய சாமிக்கு ஆயுதங்களைப் படைத்துவிட்டேன், தொட மாட்டேன் என்று வீட்டில் இருந்து கும்பிட்டுக்கொண்டிருந்தானாம். லெஸ்ஸுக்குச் சைக்கிள் கொடுத்த கடை முதலாளி, நான் வேலை செய்த கடைக்காரன்தான், சொன்னதாகப் போட்டிருந்தது. வாசிக்கிறவர்கள் சிரிக்கும்படியாக எழுதியிருக்கிறார்கள் என்று மகளின் குரலிலேயே தெரிந்தது.

நான் எழும்பிப் போய்க் கையைக் கழுவினேன். கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் கழுவினேன்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்தப் பந்தயம் என்ன மாதிரியானது என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சைக்கிள் ஓட்டம் மாதிரிச் சந்தியில் தொடங்கிச் சந்தியில் முடிவதில்லை. ஒரு கிழமைக்கு மேல் நடக்கும். இன்று ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊர், நாளைக்கு அங்கிருந்து இன்னொரு ஊர். ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவன் வென்றவன். ஆகையால் ஒரு நாள் தோற்றாலும் பந்தயம் போகாது. ஆனால் ஒரு நாள் விழுந்தால் எல்லாம் போய்விடும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருடங்களில் தொடங்கியதாம். அந்த நாளில் பாதித் தெரு கிரவல் மண். ஓட்டக்காரர்கள் வாயெல்லாம் மண்ணோடு வந்து, கிராமத்து மதுக்கடைகளுக்கு மேலே இருக்கிற அறைகளில் படுப்பார்கள். தங்கள் சைக்கிளைத் தாங்களே கழுவுவார்கள். பால்காரரும் தச்சரும் தபால்காரரும் லீவு போட்டுவிட்டு ஓடினார்கள். பிறகு இத்தாலியிலிருந்தும் ஒல்லாந்திலிருந்தும் கப்பலில் வந்து இங்கே குடியேறிய பெடியள் ஓடத் தொடங்கினார்கள். பகலில் தொழிற்சாலையில் வேலை, விடிய முன்னம் ஓட்டப் பயிற்சி. அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவில் சம்பளத்துக்கு ஓடுகிற பெரிய ஆட்கள் வந்தது. மழை, எதிர்க்காற்று, கடலோரத்து மலைப்பாதை, செம்மறிகள் குறுக்கே வந்து மறித்தது என்று ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு கதை.

அப்படிக் கப்பலில் வந்த ஒரு இத்தாலிக்காரனின் கதையை மகள் வாசித்தபோது என் கண் கலங்கியது. அவனுடைய பெயரையும் இங்கே உள்ளவர்கள் பாதியாக வெட்டியிருந்தார்கள். ஆனால் அவன் வென்றான். ஆகவே அவன் பெயர் முழுதாக அச்சில் வந்தது. எனக்கு இன்னும் பாதிதான்.

நான் எப்படி இதற்குள் வந்தேன் என்றால், சுன்னாகத்தில் சைக்கிள் கடையில் பதினெட்டு வருடம் சில்லுக் கட்டினவன். நடுக்குடத்தில் கம்பிகளைக் கோத்து, வெளி வளையத்தில் மாட்டி, ஒவ்வொரு கம்பியையும் சாவியால் இறுக்கி, சுற்றிவிட்டால் நெளிவில்லாமல் சுழலவேண்டும். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு. இங்கே வந்து ஆறாவது மாதம், பந்தயச் சைக்கிள் விற்கும் ஒரு கடைக்கு முன்னால் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி கெவின் வெளியே வந்து என்ன வேணும் என்று கேட்டான். உள்ளே மேசையில் கிடந்த கோணல் சில்லைக் காட்டினேன். பேச்சு வரவில்லை, கையை நீட்டினேன். அன்றைக்கே வேலை கிடைத்தது.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நான் எந்தச் சில்லைக் கட்டத் தொடங்கினாலும், காற்று அடிக்கிற துவாரத்துக்குப் பக்கத்தில், வளையத்தின் பள்ளத்தில், ஊசியால் சின்னதாக ஒரு உ கீறிவிட்டுத்தான் முதல் கம்பியை எடுப்பேன். வட்டத்துக்குத் தொடக்கம் எது? எங்கேயாவது ஒரு இடத்தில் பிள்ளையாரை வைத்தால்தான் என் கை ஓடும். பந்தயச் சில்லில் ரயரைப் பசை வைத்து மேலே ஒட்டிவிடுவார்கள். பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது. தெரிய வேண்டும் என்று நான் கீறவில்லை.

3

இனி அந்த வருடம் நடந்தது. இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். புத்தகம் எழுதினவர்கள் கேட்காததை நீங்களாவது கேளுங்கள்.

இங்கே பந்தயம் வசந்த காலத்தில், ஐப்பசியை ஒட்டி வரும். அந்த முறை நவராத்திரியும் அதே கிழமையில் வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னமே கலண்டரைக் கொண்டுபோய் கெவினுக்குக் காட்டினேன். நவமியன்று என் சாமான்கள் பூசையில் இருக்கும், அடுத்த நாள் விடிய விஜயதசமிப் பூசை முடியத்தான் எடுப்பேன் என்று மகளைக் கொண்டு ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அவன் வாசித்துவிட்டு, "நோ வறீஸ், மேற்", ஒன்றுக்கும் யோசிக்காதே என்றான். அந்தத் துண்டைச் சுவரில் குத்தியும் வைத்தான்.

சுன்னாகத்தில் இதைச் சொல்லவே தேவையில்லை. ஒருமுறை நவமியன்று பொலிஸ்காரர் ஒருவர் காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். முதலாளி சந்தனப் பொட்டு வைத்த பம்பைக் காட்டினார். "அப்ப நாளைக்கு வாறன்" என்று பொலிஸ்காரர் கடலையும் அவலும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நடந்தே போனார். சட்டமே அன்றைக்கு ஒரு நாள் காத்திருந்தது.

ஆனால் பந்தயம் காத்திருக்காது என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தபடியால்தான் எங்கள் கடைச் சைக்கிளில் ஓடிய லெஸ்ஸுக்கு இரண்டு பின்சில்லுக் கட்டினேன். ஒன்று சைக்கிளில். மற்றது மேசைக்கு மேலே ஆணியில். நவமிக்கு ஏதாவது நடந்தால் ஆணியில் இருப்பதை மாட்டு என்று கெவினிடம் கையால் காட்டி, வாயால் சொல்லி, இரண்டு தரம் சொன்னேன்.

நவமியன்று பின்னேரம் கடையிலிருந்து ரெலிபோன் வந்தது. கெவின்தான். லெஸ்ஸின் பின்சில்லு குழியில் விழுந்து வளைந்துவிட்டது, சாமானோடு உடனே வா என்றான்.

"சாமான் பூசையில இருக்கு. ஆணியில இருக்கிறதை மாட்டு. அது சரியா இருக்கு" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு "ஓகே" என்று வைத்துவிட்டான்.

அடுத்த நாள் பூசை முடித்துக் கடைக்குப் போனேன். ஆணி வெறுமையாக இருந்தது. என் சில்லைத்தான் மாட்டியிருக்கிறார்கள் என்று மனதுக்குள் ஒரு பெருமை. மத்தியானம் வானொலியில் சொன்னார்கள், பலரற் என்ற ஊருக்குப் பக்கத்து மலை இறக்கத்தில் லெஸ் விழுந்துவிட்டான், தோள் எலும்பு முறிந்தது, பந்தயம் போய்விட்டது என்று.

கெவின் திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை. "ஓட்டமென்றால் அப்படித்தான்" என்று மட்டும் சொன்னான். அதுதான் என்னைக் கொன்றது. ஆணியில் இருந்தது நான் கட்டின சில்லு. அது உடைந்தது. அப்படியென்றால் ஒரு மனிதனின் தோளை என் கை உடைத்தது. ஆறு மாதம் ஒவ்வொரு சில்லையும் இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினேன். பிறகு அந்த வேலையை விட்டு ஒரு கார் உதிரித் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றும்போது லெஸ்ஸின் தோளுக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன். இராசத்துக்கும் சொல்லவில்லை.

இப்போது புத்தகம் சொல்கிறது, நான் கும்பிட்டபடியால்தான் அவன் விழுந்தான் என்று.

4

புத்தகத்தை அடுப்பில் போட வேண்டும் போல இருந்தது. போட முடியவில்லை. கிழிக்கவும் கை வரவில்லை. அது எழுத்து. பொய்யாக இருந்தாலும் எழுத்து. என்னை அவமானப்படுத்திய ஒன்றை நானே தூசி தட்டி அலுமாரியில் வைத்தேன். இந்தக் கொடுமையை யாரிடம் சொல்வது.

"அப்பா, லீவ் இற், விடுங்கோ. யாரும் வாசிக்க மாட்டினம்" என்றாள் சாந்தினி.

"ஆஸ்பத்திரியில சாகக் கிடந்த கிழவரே வாசிச்சிருக்கிறார்."

"அவர் சாகேல்லை, வீட்டதான் போனவர்" என்று இராசம் குசினிக்குள் இருந்து திருத்தினாள்.

ஒரு சனிக்கிழமை ட்ராம் பிடித்து நகரத்துக்குப் போய், புத்தகத்தை வெளியிட்ட பத்திரிகை அலுவலகத்துக்குப் போனோம். மகளைப் பேசுவதற்காகக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் கவுண்டரில் இருந்த பெண் விளம்பரமா, சந்தாவா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றதும் இரண்டாவது கவுண்டருக்கு அனுப்பினாள். அங்கே ஒரு படிவம் தந்தார்கள். என்ன பொருள் பழுதாகக் கிடைத்தது என்று அதில் ஒரு கட்டம். புத்தகம் பழுதில்லை, அதற்குள் இருப்பதுதான் பழுது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்து ஒருவன் கீழே இறங்கி வந்தான். புத்தக வேலை பார்த்தவர்களில் ஒருவனாம். கழுத்துப்பட்டி தளர்ந்திருந்தது. நான் யாரென்று மகள் சொன்னதும் அவன் முகம் மலர்ந்துபோயிற்று.

"நீங்கள்தானா அந்தக் கென்? உண்மையாகவே இருக்கிறீர்களா? நான் அதை ஒரு கட்டுக்கதை என்றல்லவா நினைத்தேன்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

யோசித்துப் பாருங்கள். கட்டுக்கதை என்று நினைத்தவன் அதை ஏன் அச்சடித்தான்? ஒரு ரெலிபோன் எடுத்துக் கேட்டிருக்கலாமே. என் பெயர் புத்தகத்தில்தான் பாதி. ரெலிபோன் புத்தகத்தில் முழுதாக இருக்கிறதே.

"இது பொய் எண்டு சொல்லு பிள்ளை. முழுப் பொய். எனக்கு அவமானம் செய்திருக்கினம் எண்டு சொல்லு."

அவள் ஆங்கிலத்தில், ஒரு சின்னத் தவறு இருக்கலாம் என்று அப்பா யோசிக்கிறார் என்றாள். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். அவள் கன்னம் சிவந்திருந்தது. எதற்கு வெட்கப்படுகிறாள்? அவர்கள் செய்ததற்கா, நான் வந்து நின்றதற்கா? முந்தியெல்லாம் பள்ளிக்கூடக் கொப்பியில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதுவாள். ஒரு ஆசிரியை அதை ஆங்கில இலக்கம் 2 என்று நினைத்து, சிவப்பு மையால் சுற்றி, இது என்ன, முதலாம் பக்கம் எங்கே என்று எழுதிவிட்டாள். அன்றோடு மகள் அதை விட்டுவிட்டாள். அதேமாதிரித்தான் இதையும் விடச் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது.

அந்த மனிதன் மிகவும் மரியாதையாகச் சொன்னான். புத்தகம் அச்சாகி முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த சரித்திரம் பந்தயத்தின் ஐம்பதாவது வருடத்தில் வரும், அப்போது எழுதித் தாருங்கள் என்றான். எனக்கு அப்போது எத்தனை வயது என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை. பிறகு ஒரு உதவி செய்வதாக நினைத்து, "அந்தச் சில்லு இப்போதும் இருக்கிறது, தெரியுமா? லெஸ் தன்னுடைய மதுக்கடையில் மாட்டி வைத்திருக்கிறான். பார்க்கச் சனம் போகிறது" என்றான்.

திரும்பி வரும்போது ட்ராமில் எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. சில்லு இருக்கிறதென்றால் வளையமும் இருக்கும். வளையம் இருந்தால், என் சில்லா இல்லையா என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

5

இராசத்துக்கு அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெடுநேரம் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"போய்ப் பாத்து, அதில உங்கட உ இருந்தா?" என்று கேட்டாள்.

"இருந்தா லெஸ்ஸின்ர காலில விழுவன்."

"அவை காலில விழ விடாயினம். பயந்திடுவினம்."

"அப்ப கையைப் பிடிச்சுக் கேப்பன். அதுக்குப் பிறகு சாவி தொட மாட்டன்."

"சரி, போட்டு வாங்கோ. தெரியாமல் இருந்து வருத்தம் பிடிக்கிறதைவிட அது நல்லம்" என்றாள். தாதி அல்லவா.

பலரற் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில்தான் லெஸ்ஸின் மதுக்கடை; மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் பிறந்ததிலிருந்து மதுக்கடை வாசல்படி மிதிக்காதவன். திருநீற்றோடு உள்ளே போனேன். பியர் மணத்தது. பின்னேரம் மூன்று மணி, இரண்டு கிழவர்கள் மட்டும் இருந்தார்கள். எதிர்ச் சுவரில், உடைந்து எட்டாக வளைந்த சில்லு, ரயரோடு தொங்கியது. அதன் கீழே ஒரு அட்டை. மகள் வாசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் என்னவென்று கேட்கவில்லை.

லெஸ் உள்ளேயிருந்து வந்தான். மெலிந்திருந்தவன் இப்போது தடித்திருந்தான். ஒரு தோள் மற்றதைவிடப் பதிந்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டான். சிரிக்கவில்லை.

"கென். துணிச்சல்காரன்தான் நீ" என்றான்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்படியே சொல்லு. குறைக்காதை" என்று மகளிடம் சொன்னேன். "உடைஞ்சது என்ர சில்லு எண்டுதான் நானும் இவ்வளவு காலமும் நினைச்சனான். அது நிச்சயமா தெரிய வேணும். நான் கட்டுற சில்லில ரயருக்குக் கீழ ஒரு அடையாளம் கீறுறனான். ரயரை உரிக்க விடச் சொல்லு."

அவள் சொன்னாள். லெஸ் என்னையே பார்த்தான்.

"அடையாளம் இருந்தால் என்ன செய்வாய்?"

"மன்னிப்புக் கேட்பேன். இந்தக் கடையில், எல்லாருக்கும் முன்னால்."

"நீ என்ன அடையாளம் கீறுகிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? இல்லாத ஒன்றை இல்லை என்று காட்டுவது சுலபம்" என்றான். நியாயமான கேள்வி. இந்த நாட்டில் என்னிடம் நியாயமான கேள்வி கேட்ட முதல் ஆள் அவன்தான்.

"உன் முன்சில்லும் நான் கட்டினதுதான். அது உடையவில்லை. எங்கே?"

அது பின்பக்கக் கொட்டகைக்குள், சைக்கிளிலேயே இருந்தது. அவனே போய்க் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான். நான் காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில் ரயரைக் கிளப்பினேன். பழைய பசை, பாம்புத்தோல் மாதிரி உரிந்து வந்தது. விரலால் தேய்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சாந்தினி தன் லேஞ்சித் துணியை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள்.

"தெயர்" என்று விரலால் காட்டினாள். பிறகு தமிழில், "உ, அப்பா" என்றாள்.

அரிசி அளவுதான் இருந்தது. லெஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். கிழவர்கள் இரண்டு பேரும் கிளாசோடு எழுந்து வந்தார்கள்.

அதற்குப் பிறகு லெஸ் சுவரில் இருந்ததை இறக்கினான். அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கண்ணை மூடினேன். லெஸ்தான் உரித்தான். துவாரத்துக்கு இந்தப் பக்கம். பிறகு அந்தப் பக்கம். பிறகு, நான் கேட்கவில்லை, அவனாகவே வளையம் முழுவதும் சுற்றி உரித்தான். மகள் பின்னால் துடைத்துக்கொண்டே போனாள்.

ஒன்றும் இல்லை.

நான் அப்போதுதான் சில்லைக் கையில் எடுத்தேன். கம்பிகள் கோத்திருந்த விதமே வேறு. ஒரு பக்கம் அளவுக்கு மேல் இறுக்கம், மற்றப் பக்கம் தளர்வு. அவசரத்தில், பழக்கமில்லாத கை கட்டினது. இந்தச் சில்லை நான் ஆயுளில் தொட்டதில்லை.

"அப்படியென்றால் நீ ஆணியில் வைத்தது?" என்று லெஸ் கேட்டான். ஆணியைப் பற்றி அப்போதுதான் அவன் முதல்முதல் கேள்விப்படுகிறான். மகள் முழுவதையும் சொன்னாள். சுவரில் குத்தியிருந்த துண்டைக்கூடச் சொன்னாள். அதை எழுதினது அவள் அல்லவா.

லெஸ் கதிரையில் இருந்துவிட்டான். நெடுநேரம் தோளைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் விழுந்ததற்கு முந்தின நாள் காலை, கூட ஓடிய ஒரு இத்தாலிக்காரனுக்குக் கெவின் ஒரு பின்சில்லுக் கொடுத்தான். தன் நல்ல வாடிக்கையாளன் என்று. அது என்னுடையதைவிட நன்றாக ஓடுகிறதே என்று நான் அவனைப் பகிடி பண்ணினேன்" என்றான்.

"அது உடைஞ்சதா?" நான் மகளைக் கேட்கவில்லை, நேரே ஆங்கிலத்தில் அவனைக் கேட்டேன்.

"இல்லை. கடைசி நாள்வரை ஓடியது. நகரத்துக்குள் முடிவுக்கோட்டையும் தாண்டியது."

என் சில்லு அந்தப் பந்தயத்தை ஓடி முடித்திருக்கிறது. ஒரு சரித்திரத்திலும் அது இல்லை. உடைந்தது, ஆணி வெறுமையாகிப் போனதால் அன்றிரவு வேறொருவன் அவசரத்தில் கட்டினது, அதற்குத்தான் என் பெயர். கெவின் கடையை விற்றுவிட்டு வடக்கே எங்கோ போய்விட்டானாம். அவன் முகத்துக்கு நேரே நின்று கேட்க முடியவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் எரிகிறது. விக்கிரகத்துக்கு முன்னால் இருந்தவன் பொறுப்பில்லாதவன், ஆணியில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டவன் பொறுப்பானவன். அந்தப் புத்தகம் சொல்வது அதுதான்.

"அப்பா கேட்கிறார், அந்த அட்டை பொய். அதை எடுங்கள்" என்று சாந்தினி லெஸ்ஸிடம் சொன்னாள். நான் அதைக் கேட்கவே இல்லை. அவளாகச் சொன்னாள். இந்த முறை சொல்லைக் குறைக்கவில்லை.

லெஸ் அட்டையைக் கழற்றி இரண்டாகக் கிழித்தான். எனக்குக் கொஞ்சம் திடுக்கிட்டது, எழுத்தல்லவா. பிறகு நான் பையிலிருந்த புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். அவன் அந்த வரிகளுக்கு மேல் கோடு போட்டு, ஓரத்தில் பேனாவால் எழுதினான். கென் கட்டின சில்லு இதுவல்ல, அவருடைய சில்லு பந்தயத்தை முடித்தது, விழுந்தவன் நான், எனக்குத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தான். வைத்துவிட்டு மகளிடம், "உன் அப்பாவின் முழுப் பெயர் எப்படி எழுதுவது?" என்று கேட்டான். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, கென் என்பதை வெட்டிவிட்டுக் கனகசபை என்று எழுதினான்.

6

போன கிழமை சரஸ்வதி பூசை. தேங்காய் தெருமூலையில் வேறொரு இத்தாலிக்காரனின் கடையில் கிடைத்தது. அவல் ஊரிலிருந்து வந்த பார்சலில் இருந்தது. சாவி, ஊசி, தொழிற்சாலையில் என் கையோடு இருக்கும் சுத்தியல், இராசத்தின் காய்ச்சல்மானி எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைத்தேன். சாந்தினி தன் பள்ளிக்கூடப் புத்தகங்களை அடுக்கினாள். அடுக்கில் கடைசியாக அந்தப் புத்தகம் இருந்தது.

நான் அதை உருவி எடுத்தேன். "இது வேண்டாம் பிள்ளை. பொய் எழுதின புத்தகத்தை அம்மாளுக்கு முன்னால வைக்கக் கூடாது."

"லெஸ் எழுதினதும் அதிலதானே இருக்கு அப்பா."

அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். அச்சடித்த எழுத்துக்கு நான் ஒன்றும் வைக்கவில்லை. ஓரத்தில் பேனாவால் எழுதிய வரிகளுக்கு மேல் மட்டும் ஒரு ரோசாப்பூ வைத்தேன்.

ஆனால் கோபம் ஆறவில்லை. ஆறக் கூடாது என்றும் நினைக்கிறேன். திருத்தியது ஒரு புத்தகத்தை. மற்றவை எல்லாம் வீடு வீடாக, கடை கடையாக, ஆஸ்பத்திரிக் கட்டில்களில்கூட, இன்றைக்கும் என்னைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஐம்பதாவது வருடம் வரைக்கும் சொல்லும்.

ஆகையால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளைகளோ மருமக்களோ இங்கிருந்து அந்தப் புத்தகத்தை அனுப்பினால், மலை இறக்கத்தில் விழுந்து கிடக்கிற சைக்கிளின் படம் இருக்கிற பக்கத்தை எடுங்கள். அதற்குக் கீழே கென் என்று ஒரு பெயர் வரும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் மூன்று எழுத்துத்தானே, கண்டுபிடிக்கலாம். அந்த வரிகளுக்கு மேல் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். எழுத்தை வெட்டுவது பாவம் என்று உங்களுக்கும் கை தயங்கும். தயங்க வேண்டாம். அது பாவமென்றால் அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.